‘பரல்ல’வா, ‘பர்லில்ல’வா? ஓசூர்த் தமிழரும் கன்னட வாக்கியமும்

கன்னட வாக்கியத்தில் எழுவாய் முதலில் வரும், வினைமுற்று கடைசியில் நிற்கும். யாரை, எங்கே, எப்போது என்பதெல்லாம் நடுவில் அமரும். தமிழிலும் அதுவே ஒழுங்கு. ‘நான் நாளைக்கு ஓசூருக்கு வருகிறேன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே ‘நானு நாளெ ஹொசூரிகெ பர்தீனி’ என்று சரியான கன்னடம் கிடைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்காக வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பழகியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. வம்பும் இந்த நிம்மதியில்தான் இருக்கிறது. தமிழர் கன்னடத்தில் தடுமாறும் இடம் சொல்லின் வாலில் ஒட்டும் சின்னச் சின்ன விகுதிகள். தமிழ் விகுதிகளைப் போலவே ஒலித்து, வேறு பொருள் தந்துவிடுகிறவை அவை.

இந்தக் கன்னடம் அன்றாடம் தேவைப்படும் ஊர் ஓசூர். பெங்களூர் இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். 1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. 1980 வாக்கிலும் அதற்குப் பிறகும் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் வந்தன. அவற்றோடு தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வந்து இறங்கிய ஊர் ஏற்கெனவே மும்மொழி ஊர். 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் கன்னடமும், ஓசூர், சூளகிரி வட்டாரத்தில் தெலுங்கும் தலைமுறை தலைமுறையாக வீட்டு மொழிகள். எல்லைக்கு அந்தப்புறம் பொம்மசந்திரா, ஜிகணி, எலக்ட்ரானிக் சிட்டி என்று தினமும் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கோ கன்னடம் இல்லாமல் பொழுது நகராது.

கன்னடச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒரு குறை வரும். கன்னடத்துக்குக் க, ச, ட, த, ப ஒவ்வொன்றிலும் வல்லோசைக்கு ஓர் எழுத்து, மெல்லிய ஓசைக்கு வேறோர் எழுத்து உண்டு. தமிழில் ஓர் எழுத்துத்தான். நிற்கும் இடத்தை வைத்து வாய் தானாக மாற்றிக்கொள்ளும். இங்கே ‘பர்தீனி’, ‘பா’, ‘பேக்கு’ என்று வரும் சொற்களின் முதல் எழுத்து ‘பாட்டு’ என்பதன் ‘ப’ போல் ஒலிக்காது, ‘பஸ்’ என்பதன் ‘ப’ போல் ஒலிக்கும். ‘வேண்டும்’ என்று பொருள்படும் ‘பேக்கு’வின் ககரம் அழுத்தமானது. அதை மெலித்து ‘பேக’ என்பதுபோல் சொன்னால் ‘சீக்கிரம்’ என்று பொருள். ‘வாருங்கள்’ என்பதற்குக் கன்னடத்தில் ‘பன்னி’. மரியாதையாக அழைத்த கன்னடக்காரரைத் தமிழர் முறைத்துப் பார்க்கும் கதை எல்லைப்புறத்தில் சலிக்காமல் சொல்லப்படும் பழைய நகைச்சுவை.

ஒலி மாற்றங்கள் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் பாதிச் சொற்கள் கையோடு வந்துவிடும். பழங்கன்னடத்தில் சொல் முதலில் இருந்த பகரம், பத்தாம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி, சில நூற்றாண்டுகளில் ஹகரமாகத் தேய்ந்தது. பால் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பத்து ஹத்து, போ என்பது ஹோகு. ‘புதிய’ என்பது ‘ஹொஸ’. ஆகவே ஹொஸ ஊரு என்பது தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கும் புதூர்தான். புகைக்கல்லே ஒகேனக்கல். தென் கர்நாடகக் கிராமப் பேச்சில் இந்த ஹகரமும் விழுந்துபோய் ஆலு, ஓகு என்றாகிவிடும். ‘ஓசூர்’ என்று ஹகரம் இல்லாமல் எழுதும் தமிழ் வழக்கும் அதற்கு ஒத்துப்போகிறது. அடுத்து, தமிழின் சொல்முதல் வகரம் கன்னடத்தில் பகரம்: வா என்பது பா, விரல் பெரளு, வில் பில்லு. செவி கிவியாகவும், செம்மை கெம்பாகவும், தலை தலெயாகவும், மழை மளெயாகவும் வரும். இந்தக் குடும்ப ஒற்றுமையைக் கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் விரிவாக எழுதினார். ஷிப்டு முடிந்து டீக்கடையில் நிற்பவருக்குக் கால்டுவெல் தேவையில்லை. பகரம் ஹகரமாகும், வகரம் பகரமாகும் என்ற இரண்டு வாய்பாடு போதும்.

வாக்கியங்களில் மிக எளியது வினையே இல்லாத வாக்கியம். ‘இது என் வீடு’: ‘இது நன்ன மனெ’. ‘அவர் டிரைவர்’: ‘அவரு டிரைவர்’. இரண்டு பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாக்கியம் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் இப்படி முடியாது, நடுவில் ஒரு வினை வந்தே தீரவேண்டும். அதனால்தான் இஸ்ரேலுக்குப் போய் எபிரேயம் படிக்கும் ஆங்கிலேயர் முதல் வாரத்திலேயே திகைத்துப்போகிறார்; எபிரேயமும் ‘நான் ஆசிரியர்’ என்று வினையில்லாமல் சொல்லும் மொழி. உடைமையைச் சொல்லும் வினையும் அதில் கிடையாது. ‘எனக்கு வீடு உண்டு’ என்ற போக்கில்தான் எபிரேயம் பேசும். கன்னடம் ‘நனகெ மனெ இதெ’ என்கிறது. தமிழர் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டியதே இல்லை.

எதிர்மறைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. பேச்சுத் தமிழில் இருப்பை மறுக்கவும் தன்மையை மறுக்கவும் ஒரே ‘இல்லை’. ‘டிரைவர் இல்லை’ என்றால் டிரைவர் இங்கே கிடையாது. ‘நான் டிரைவர் இல்லை’ என்றால் நான் டிரைவர் வேலை பார்ப்பவன் அல்லன். எழுத்துத் தமிழ் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. அல்லேன், அல்லன், அல்லர், அன்று, அல்ல என்று இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தது அதைத்தான். பேச்சில் அது எப்போதோ போய்விட்டது. கன்னடப் பேச்சில் போகவில்லை. ஒன்று இருக்கிறதா இல்லையா என்றால் ‘இல்ல’. ஒன்று இன்னதா இல்லையா என்றால் ‘அல்ல’. ‘டிரைவர் இல்ல’ என்றால் ஆள் இங்கே இல்லை. ‘நானு டிரைவர் அல்ல’ என்றால் என் வேலை அது இல்லை. ‘இது நம்ம கேட் அல்ல, ஆ கேட்’ என்று செக்யூரிட்டி கையைக் காட்டும்போது அங்கே ‘இல்ல’ வராது. ஓசூரின் மூன்றாவது மொழியான தெலுங்கும் கன்னடத்தின் பக்கமே நிற்கிறது: இருப்பை மறுக்க ‘லேது’, இன்னது என்பதை மறுக்க ‘காது’. எபிரேயத்திலும் இருப்பை மறுக்க ஒரு சொல், தன்மையை மறுக்க வேறொரு சொல். மூன்று மொழிகளிலும் உயிரோடு இருக்கும் இந்தப் பிரிவைத் தமிழர் தம் பள்ளி இலக்கணத்திலிருந்துதான் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

இதைவிடப் பெரிய பள்ளம் வினையின் எதிர்மறை. தமிழில் ‘லாரி வரல’ என்று ஒருவர் சொன்னால் அது நடந்துபோனதைப் பற்றிய பேச்சு. லாரி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்; இனி வரக்கூடும். வரவே வராது என்றால் ‘லாரி வராது’ என்பார், ஆளாக இருந்தால் ‘வர மாட்டான்’ என்பார். கன்னடத்தில் காதுக்கு ‘வரல’ போலவே கேட்கும் சொல் ‘பரல்ல’. தமிழர் வாயில் அதுவே முதலில் வந்து நிற்கும். ஆனால் ‘பரல்ல’ என்றால் வராது, வருகிற வழக்கம் இல்லை, வரப்போவதும் இல்லை. எழுத்துக் கன்னடத்தில் அதன் முழு வடிவம் ‘பருவுதில்ல’. நேற்று வரவில்லை என்பதற்கு ‘பர்லில்ல’ என்று ஒரு லகரத்தைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும், எழுத்தில் ‘பரலில்ல’. இன்னும் வந்து சேரவில்லை, எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றால் மூன்றாவது வடிவம்: ‘இன்னூ பந்தில்ல’.

பொம்மசந்திராவிலிருந்து உதிரிபாகம் ஏற்றிய லாரிக்காகக் காத்திருக்கும் ஸ்டோரை நினைத்துக்கொள்ளலாம். கன்னட சூப்பர்வைசர் போனில் கேட்கிறார், ‘லாரி பந்தா?’ தமிழ்த் தொழிலாளி ‘வரல சார்’ என்பதைக் கன்னடமாக்கி ‘பரல்ல சார்’ என்கிறார். சூப்பர்வைசர் காதில் விழுவது ‘இன்றைக்கு லாரி வராது’ என்ற தகவல். அவர் வேறு வண்டிக்குச் சொல்லிவிடக்கூடும். ‘பந்தில்ல சார்’ என்று சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருப்பார். ஆட்களைப் பற்றிப் பேசும்போதும் இதே கதைதான். நேற்று ஷிப்டுக்கு வராதவரைப் பற்றி ‘அவனு பரல்ல’ என்று சொன்னால், அவர் இனி வேலைக்கே வரப்போவதில்லை என்றாகிவிடும். ‘நின்னெ பர்லில்ல’ என்பதே சரி. ‘நின்னெ’ என்றால் நேற்று. போகவில்லை, போக மாட்டேன் என்பதற்கும் இதே இணை: ‘ஹோக்லில்ல’, ‘ஹோகல்ல’. தெலுங்கில் இந்தக் குழப்பம் அவ்வளவாக நேராது. ‘வாடு ராலேது’ என்றால் வரவில்லை, ‘வாடு ராடு’ என்றால் வர மாட்டான். இரண்டும் தமிழ் வடிவங்களிலிருந்து தள்ளியே ஒலிப்பதால் கற்பவர் முதலிலிருந்தே கவனமாக இருப்பார். ஒத்த ஒலி இல்லாதது சில சமயம் உதவி.

உடன்பாட்டு வினையில் சிக்கல் குறைவு. பேச்சுக் கன்னடத்தில் நிகழ்காலமும் எதிர்காலமும் ஒரே வடிவம். ‘பர்தீனி’ என்றால் வருகிறேன், வருவேன் இரண்டும். எழுத்தில் தனி எதிர்காலம் இருக்கிறது, கடைத்தெருவில் அதைக் கேட்க முடியாது. இந்த நிமிடம் நடப்பதைச் சொல்ல ‘பர்தா இத்தீனி’: வந்துகொண்டிருக்கிறேன். அவன் என்றால் பர்தானெ, அவள் பர்தாளெ, அவர் பர்தாரெ, அது பரத்தெ. இறந்த காலத்தில் மட்டும் ஒரு சின்ன இடர் உண்டு. தமிழில் ‘வந்தேன்’ என்றாலே வந்தவர் யார் என்று தெரியும், ‘நான்’ வேண்டியதில்லை. கன்னடப் பேச்சில் நான் வந்ததும் ‘பந்தெ’, நீ வந்ததும் ‘பந்தெ’. ஆகவே ‘நானு’, ‘நீனு’ என்ற எழுவாயைத் தமிழ்ப் பழக்கத்தில் விழுங்கிவிட்டால் கேட்பவர் குழம்பக்கூடும். ‘நீவு’ என்று மரியாதையாகப் பேசும்போது ‘பந்த்ரி’ என்று தனி விகுதி வந்து இந்தக் குழப்பமும் தீர்ந்துவிடும். புதியவர்கள் எல்லோரையும் ‘நீவு’ என்றே அழைப்பது இலக்கணத்துக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

தன்மைப் பன்மையில் கன்னடம் ஒன்றை இழந்திருக்கிறது. தமிழில் கேட்பவரையும் சேர்த்தால் ‘நாம்’, சேர்க்காவிட்டால் ‘நாங்கள்’. தெலுங்கிலும் அப்படியே, ‘மனமு’, ‘மேமு’. இன்றைய கன்னடத்தில் இரண்டுக்கும் ‘நாவு’ ஒன்றுதான். அதன் உடைமை வடிவம் ‘நம்ம’. பெங்களூரில் 2011-ல் ஓடத் தொடங்கிய மெட்ரோவுக்கு ‘நம்ம மெட்ரோ’ என்று பெயர். தமிழர் காதுக்கு அது எல்லோரையும் அணைத்துக்கொள்ளும் நம்முடையது. கன்னடத்தில் அது எங்களுடையதாகவும் இருக்கலாம். கன்னட நண்பர் ‘இது நம்ம மனெ’ என்று காட்டினால், அது அவருடைய குடும்பத்து வீடு என்ற தகவல் மட்டுமே.

வேற்றுமை உருபுகளில் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று பொருத்திக்கொள்ளலாம். தமிழின் ‘-இல்’ கன்னடத்தில் ‘-அல்லி’: மனெயல்லி, பஸ்ஸல்லி. தமிழின் ‘-க்கு’ கன்னடத்தில் இரண்டாகப் பிரியும். பொதுவாக ‘-கெ’ அல்லது ‘-இகெ’: நனகெ, மனெகெ, பெங்களூரிகெ. அகரத்தில் முடியும் அஃறிணைப் பெயரானால் ‘-க்கெ’: மர என்பது மரக்கெ, கெலச என்பது கெலசக்கெ. ‘கெலச’ என்றால் வேலை. ‘கெலசக்கெ ஹோக்தீனி’: வேலைக்குப் போகிறேன். இந்த அழுத்தமான ககரம் தமிழர் நாவில் இயல்பாகவே வந்துவிடும். மறுபக்கம், தமிழில் ‘-ஆல்’, ‘-இலிருந்து’ என்று இரண்டாக இருப்பதைக் கன்னடம் ‘-இந்த’ என்ற ஒன்றில் முடித்துக்கொள்கிறது. ‘ஹொசூரிந்த பெங்களூரிகெ’ என்றால் ஓசூரிலிருந்து பெங்களூருக்கு; ‘கையிந்த’ என்றால் கையால்.

எண்களில் ஒரு வித்தியாசம்: பொருள்களை ஒந்து, எரடு, மூரு என்று எண்ணலாம், மனிதர்களை அப்படி எண்ணக் கூடாது. ஒருவர் ஒப்பரு, இருவர் இப்பரு, அதற்கு மேல் மூரு ஜன, நாக்கு ஜன. பழந்தமிழின் ஒருவர், இருவர் வழக்கு கன்னடப் பேச்சில் இன்றும் தெருவில் நடமாடுகிறது. தமிழ்ப் பேச்சு ‘ரெண்டு பேர்’ என்று மாறிவிட்டது.

தெரிதல், பிடித்தல், வேண்டுதல் ஆகியவற்றில் இரண்டு மொழிகளும் ஒரே மனப்போக்கு உடையவை. அனுபவிப்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்பார். ‘நனகெ கொத்து’: எனக்குத் தெரியும். ‘நனகெ கன்னட பரத்தெ’: எனக்குக் கன்னடம் வரும். ‘நனகெ நீரு பேக்கு’: எனக்குத் தண்ணீர் வேண்டும். ‘பேடா’ என்றால் வேண்டாம், ‘சாக்கு’ என்றால் போதும். ‘பேக்கு’, ‘பேடா’ இரண்டையும் வினையோடு ஒட்டினால் கட்டாயமும் தடையும் பிறக்கும். ‘மாட்பேக்கு’: செய்ய வேண்டும். ‘மாட்பேடி’: செய்யாதீர்கள். தமிழில் தடைக்கு ‘-ஆதே’, ‘-ஆதீங்க’ என்று தனி விகுதி இருக்க, கன்னடம் ‘வேண்டா’ என்பதையே வைத்து வேலையை முடிக்கிறது. ‘செய்யலாம்’ என்பதற்கு ‘மாட்பஹுது’, ‘செய்ய முடியாது’ என்பதற்கு ‘மாடோக்கெ ஆகல்ல’.

இந்த ‘மாடு’ பால் தரும் மாடு இல்லை, ‘செய்’ என்னும் வினை. தமிழ்ப் பேச்சில் ‘பண்ணு’ செய்யும் வேலை முழுவதையும் இது செய்கிறது. ‘போன் பண்ணுங்க’ என்றால் ‘போன் மாடி’. ‘செக் மாடி’, ‘ஆஃப் மாடி’, ‘லோடு மாடி’ என்று ஆலைக்குள் எந்த ஆங்கிலச் சொல்லையும் அதன் முன்னால் நிறுத்திவிடலாம். சாப்பிடுவதற்கும் அதுதான்: ‘ஊட்ட மாடி’. கன்னட வினைச்சொற்கள் நாலைந்து தெரிந்தாலே ஆலைக்குள் ஒரு ஷிப்டை ஓட்டிவிடலாம் என்று சொல்வது மிகையல்ல. ஏவலில் வினையின் கடைசியில் இகரம் ஒலித்தால் மரியாதை: நோடு என்றால் பார், நோடி என்றால் பாருங்க, ஹேளு என்றால் சொல், ஹேளி என்றால் சொல்லுங்க. கேளு என்பதற்குத் தமிழ்ப் பொருளே. ஹேளுவும் கேளுவும் ஓர் எழுத்து வித்தியாசத்தில் எதிரெதிர் வேலைகள் என்பதால் வேகமான பேச்சில் காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்விக்கு இரண்டு மொழியிலும் ஆகாரம். ‘ஊட்ட ஆய்த்தா?’ என்றால் சாப்பாடு ஆச்சா. யாரு, ஏனு, எல்லி, யாவாக, யாக்கெ, ஹேகெ, எஷ்டு ஆகியவை முறையே யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி, எவ்வளவு. ‘இல்லி’ என்றால் இங்கே, ‘அல்லி’ என்றால் அங்கே. கடைசி எழுத்து அகரமானால் இரண்டும் மறுப்புச் சொற்களாகிவிடும் என்பதைப் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லும்போது நினைவில் வைப்பது நல்லது.

நீண்ட வாக்கியங்களில்தான் தமிழருக்குக் கன்னடம் எவ்வளவு சொந்தம் என்பது தெரியும். ஆங்கிலத்திலிருந்தோ இந்தியிலிருந்தோ வருகிறவர் மாதக்கணக்கில் திணறும் பெயரெச்சமும் வினையெச்சமும் இங்கே அச்சு மாறாமல் கிடைக்கும். ‘நேற்று வந்த லாரி’ என்றால் ‘நின்னெ பந்த லாரி’. ‘சாப்பிட்டு வாங்க’ என்றால் ‘ஊட்ட மாடி பன்னி’. ‘மழை வந்தால்’ என்றால் ‘மளெ பந்தரெ’. பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது தமிழில் வரும் ‘என்று’, பேச்சில் ‘-ன்னு’, கன்னடத்தில் ‘அந்த’. ‘பத்து’ என்பதில் உள்ள ‘த’ போல அதை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘நின்னெ பந்த டிரைவர் நாளெ பர்தீனி அந்த ஹேளிதரு’: நேற்று வந்த டிரைவர் நாளைக்கு வருகிறேன் என்று சொன்னார். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. அந்த ‘அந்த’வின் கடைசி எகரமாகிவிட்டால், அதாவது ‘அந்தெ’ என்று முடிந்தால், அது தமிழின் ‘-ஆம்’. சொன்னவர் யார் என்று தெரியாத செய்திகள் எல்லாம் அதில் அடங்கும். ‘அவரு பர்தாரந்தெ’: அவர் வருகிறாராம். ‘நாளெ ரஜெ அந்தெ’: நாளைக்கு லீவாம்.